பார்த்தும் பார்க்காத கட்டங்கள்: செஸ்ஸில் பிளண்டர் எங்கே பிறக்கிறது

செஸ்ஸில் பிளண்டர், அதாவது பெரிய தவறு, அறியாமையால் வருவது குறைவு. ஆட்டம் முடிந்தபின் அதே நிலையைப் பலகையில் வைத்து, "இங்கே எதிராளிக்கு என்ன நகர்த்தல் இருக்கு?" என்று கேளுங்கள். தோற்றவரே இரண்டு வினாடியில் விரலை வைத்துக் காட்டிவிடுவார். தெரியாமல் இல்லை, அந்த நேரத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்குப் பின்னால் தோண்டினால் ஏதோ ஒரு விருப்பம் கிடைக்கும்: டிரா எடுத்துவிட வேண்டும், தாக்கி முடித்துவிட வேண்டும், போட்ட திட்டத்தைத் தொடர வேண்டும், இந்த இறுக்கம் தீர்ந்தால் போதும். விருப்பம் எந்தக் கட்டங்களைக் காட்டுகிறதோ அங்கேதான் கண் மேயும்.

இதைப் பேச உலகத்தரத்தில் நடந்த நான்கு ஆட்டங்களை எடுத்துக்கொள்கிறேன். இவர்களுக்குக் கணக்குப் போடத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது என்பதுதான் காரணம்.

2014 நவம்பர், சோச்சி. உலக சாம்பியன்ஷிப்பின் 6வது ஆட்டம், வெள்ளைக் காய்களுடன் கார்ல்சன், கருப்பில் ஆனந்த். கார்ல்சனுக்கு நல்ல நிலை. 26வது நகர்த்தலில் ராஜாவை டி2 கட்டத்தில் வைத்தார் (எழுத்து நெடுவரிசையையும் எண் கிடைவரிசையையும் குறிக்கும்). அது பயங்கரமான தவறு. கருப்புக் குதிரை இ5 சிப்பாயை வெட்டினால், வெள்ளை யானை ஜி8-ல் இருக்கும் கருப்பு யானையை வெட்டும். பார்க்க வெள்ளைக்கு லாபம்போலத் தெரியும். ஆனால் குதிரை உடனே சி4 சிப்பாயையும் வெட்டும், அதுவும் செக்கோடு. ராஜா டி2-வில் நிற்பதால்தான் அந்த செக். செக்குக்கு வெள்ளை பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குதிரை தப்பித்துவிடும், ஜி8 யானையையும் கருப்பு திரும்ப வெட்டிக்கொள்ளும். கடைசிக் கணக்கில் கருப்புக்கு இரண்டு சிப்பாய் மிச்சம். ஆனந்த் இதை ஆடவில்லை. ஏ வரிசைச் சிப்பாயை வேகமாக ஒரு கட்டம் தள்ளினார். ஆட்டத்தையும் தோற்றார். பரிசு வரும் என்று எதிர்பார்க்காதபோது அதை எடுக்கத் தோன்றாது என்ற பொருளில் பிறகு சொன்னார்.

இரண்டு பேருமே ஒரே கட்டத்தைத்தான் தவறவிட்டார்கள், வேறு வேறு காரணத்துக்காக. கார்ல்சன் தன் நிலையை இன்னும் சீராக்கும் நினைப்பில் இருந்தார். அமைதியான நகர்த்தல் ஆபத்தில்லாதது என்று நாமும் இப்படித்தான் நினைக்கிறோம். ஆனந்த் தற்காப்பு மனநிலையில் இருந்தார். சிரமமான நிலையில் உட்கார்ந்திருப்பவர் எதிராளியின் மிரட்டல்களையே தேடுவார், எதிராளி விட்ட ஓட்டையைத் தேட மாட்டார். அதிலும் எதிரே உட்கார்ந்திருப்பவர் பலமானவர் என்றால், அவர் நகர்த்தியது சரியாகத்தான் இருக்கும் என்று தலைக்குள் ஒரு முத்திரை விழுந்துவிடுகிறது. ரேட்டிங்கில், அதாவது ஆட்ட பலத்தைக் காட்டும் புள்ளிக் கணக்கில், 300 புள்ளி மேலே இருப்பவர் சும்மா கொடுத்த காயை ஒரு மாணவர் வெட்டாமல் விட்டுவிடுவது மாவட்டப் போட்டிகளில் சாதாரணமாக நடக்கும். ஏதோ பொறி இருக்கும் என்று பயம். பொறி இருக்கலாம்தான். அதைக் கணக்குப் போட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும், ஆளைப் பார்த்து அல்ல.

2013-ல் சென்னையில் இதே இருவர் ஆடிய உலக சாம்பியன்ஷிப்பின் 9வது ஆட்டம் வேறு வகை. ஆனந்த் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தார், வெள்ளைக் காய்கள், ஜெயித்தே ஆக வேண்டும். கருப்பு ராஜாவை நோக்கி எல்லாவற்றையும் திரட்டினார். கார்ல்சனோ மறுபக்கத்தில் ஒரு சிப்பாயைக் கொண்டுபோய் பி1-ல் ராணியாக்கி செக் கொடுத்தார். செக்கை மறைக்க எஃப்1-ல் பிஷப்பை வைக்கலாம், குதிரையையும் வைக்கலாம். பிஷப்பை வைத்திருந்தால் ஆட்டம் தொடர்ந்திருக்கும். ஆனந்த் 28வது நகர்த்தலாகக் குதிரையை வைத்தார். புது ராணி பக்கவாட்டில் நகர்ந்து இ1-க்கு வந்தது. அங்கிருந்து எச்4 கட்டம் அதன் பிடியில் வந்துவிட, யானையை எச்4-க்குக் கொண்டுவந்து மேட் செய்யும் திட்டம் முடிந்தது. ஆனந்த் அங்கேயே ஆட்டத்தைக் கைவிட்டார்.

ராணி அப்படிப் பக்கவாட்டில் நகர்வது ஏன் கண்ணில் படவில்லை? சில நகர்த்தல்கள் மனிதக் கண்ணுக்கு இயல்பாகவே மறைந்திருக்கும். பலகையில் நாம் முன்னோக்கித்தான் யோசிக்கிறோம். பின்னோக்கிப் போகும் குதிரை, நீண்ட மூலைவிட்டத்தில் கோடிவரை பின்வாங்கும் பிஷப், முதல் வரிசையிலேயே ஓரமாக நகரும் ராணி, இவையெல்லாம் தாக்குதலாகவே மனதில் பதிவதில்லை. இன்னொன்றும் உண்டு: ஒரு கட்டத்தில் இருந்த காய் வெட்டுப்பட்டு வெளியே போன பின்னும் கணக்குப் போடும்போது அது அங்கேயே இருப்பதுபோல் மனம் வைத்துக்கொள்ளும். நான்கு நகர்த்தல் ஆழத்தில் வரும் பிளண்டர்களில் இது அடிக்கடி தலைகாட்டும். மருந்து சாதாரணமானது. கணக்கில் ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் ஒரு நொடி நின்று, இப்போது பலகையில் எந்தக் காய் இல்லை, எந்த வரிசை திறந்தது என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, நம்பவே முடியாத ஒன்று. 2006-ல் பான் நகரத்தில் அன்றைய உலக சாம்பியன் கிராம்னிக், டீப் ஃப்ரிட்ஸ் கணினியோடு ஆடினார். இரண்டாவது ஆட்டம், கருப்புக் காய்கள், நிலை நன்றாகவே இருந்தது. நிதானமாக யோசித்து 34வது நகர்த்தலாக ராணியை இ3-ல் வைத்தார். கணினி ராணியை எச்7-ல் வைத்தது. செக்மேட். ஒரே நகர்த்தல் மேட்டை உலக சாம்பியன் பார்க்கவில்லை. எச்7-ல் வந்த ராணிக்குக் காவலாக வெள்ளைக் குதிரை எஃப்8-ல் நின்றது. ராணியும் குதிரையும் சேர்ந்து எச்7-ல் மேட் செய்வதை எல்லாரும் ஆயிரம் தடவை பார்த்திருப்போம், ஆனால் குதிரை ஜி5-ல் நிற்கும். எதிராளியின் கடைசி வரிசையில், எஃப்8-ல், குதிரை நிற்பது அரிது. பழகிய வடிவம் இல்லாததால் எச்சரிக்கை மணி அடிக்கவில்லை என்பதுதான் எனக்குப் பொருத்தமாகத் தோன்றும் விளக்கம்.

இங்கேதான் ஆராய்ச்சியாளர்கள் கண்டது கைகொடுக்கிறது. நெதர்லாந்தின் டி குரூட், தானே பலமான ஆட்டக்காரர், 1940களில் மாஸ்டர்களை உட்காரவைத்து, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். பெரிய ஆட்டக்காரர்கள் மற்றவர்களைவிட ரொம்ப ஆழமாகக் கணக்குப் போடவில்லை. நல்ல நகர்த்தலை முதல் பார்வையிலேயே பட்டியலில் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். 1973-ல் அமெரிக்காவில் சேஸ், சைமன் இருவரும் ஒரு நிலையை ஐந்து வினாடி காட்டிவிட்டுத் திரும்ப அடுக்கச் சொன்னார்கள். உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த நிலை என்றால் மாஸ்டர் பெரும்பாலான காய்களைச் சரியாக வைத்தார். காய்களைக் கண்டபடி இறைத்துவைத்த நிலை என்றால் புதியவரைவிடப் பெரிதாக ஒன்றும் தேறவில்லை. அதாவது மாஸ்டரின் பலம் பொதுவான ஞாபகசக்தி அல்ல, ஆயிரக்கணக்கான வடிவங்கள்.

அந்தப் பலமே கண்ணைக் கட்டவும் செய்யும். 2008-ல் பிலாலிச், மெக்லவுட், கோபே ஆகியோர் நடத்திய சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு நிலையில் இரண்டு தீர்வுகள்: எல்லாருக்கும் பழக்கமான, ராஜா தன் காய்களாலேயே மூச்சுத்திணறும் குதிரை மேட் ஒன்று, அதைவிடச் சுருக்கமான, பழக்கமில்லாத மேட் ஒன்று. நல்ல ஆட்டக்காரர்கள் பழக்கமானதை உடனே கண்டுபிடித்தார்கள். இதைவிடக் குறுகியது இருக்கிறதா என்று கேட்டால், தேடிக்கொண்டுதான் இருக்கிறோம் என்றார்கள். அவர்களின் கண் அசைவைக் கருவி பதிவுசெய்தது. கண் முதல் தீர்வின் கட்டங்களையே திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தது. பழக்கமான தீர்வை இல்லாமல் செய்து நிலையைக் கொஞ்சம் மாற்றிவைத்தபோது குறுகிய வழி தெரிந்துவிட்டது. "எல்லாம் பார்த்துட்டேன் சார்" என்று மாணவர் சொல்வது பொய் இல்லை, அவர் அப்படித்தான் உணர்ந்திருக்கிறார். ஆகவே, நல்ல நகர்த்தல் ஒன்று கிடைத்ததும் அதையே மேலும் சரிபார்த்துக்கொண்டிருப்பதில் பயன் குறைவு. "இந்த நகர்த்தலுக்குத் தடை என்று வைத்துக்கொள், வேறு என்ன ஆடுவாய்?" என்று தன்னையே கேட்பது மேல்.

நான்காவதுதான் நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்தது. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், குகேஷ் – டிங் லிரென் உலக சாம்பியன்ஷிப், கடைசி 14வது ஆட்டம். புள்ளிகள் சமம். வெள்ளைக் காய்களுடன் டிங். பலகையில் ஆளுக்கு ஒரு யானை, ஒரு பிஷப், கொஞ்சம் சிப்பாய். குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல், ஆனால் எல்லாச் சிப்பாயும் ஒரே பக்கத்தில் என்பதால் டிரா ஆக வேண்டிய நிலை. 55வது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2-ல் வைத்தார், யானைகளை மாற்றிக்கொள்ள. குகேஷ் வெட்டினார், டிங் ராஜாவால் வெட்டினார். உடனே கருப்பு பிஷப் டி5-க்கு வந்தது. டிங்கின் பிஷப் ஏ8 மூலையில் இருந்தது. மூலையில் நிற்கும் பிஷப்புக்கு ஒரே ஒரு பாதைதான், அந்தப் பாதையில் எதிரி பிஷப் வந்து நின்றால் தப்ப இடமில்லை. பிஷப்களும் போயின. மிஞ்சியது ராஜாக்களும் சிப்பாய்களும். 58வது நகர்த்தலில் இரண்டு ராஜாக்களும் நேருக்கு நேர், நகர வேண்டியது வெள்ளை. எந்தப் பக்கம் ஒதுங்கினாலும் கருப்பு ராஜா மறுபக்கம் நுழையும். 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன்.

டிங்குக்கு எண்ட்கேம், அதாவது காய்கள் குறைந்த கடைசிப் பகுதி, தெரியாதா? எஃப்2-ல் இருந்த ஈர்ப்பு என்னவென்றால் அது ஆட்டத்தைச் சுருக்குகிறது. கிட்டத்தட்ட மூன்று வாரக் களைப்பு, குறைந்துகொண்டிருந்த நேரம், விடாமல் ஆடும் எதிராளி. காய்கள் குறைந்தால் தலைவலி குறையும் என்று மனம் சொல்லும். அந்தக் குரலை நம்பக் கூடாது. ஒரு சிப்பாய் குறைவாக இருப்பவர் சிப்பாய்களை மாற்றிக்கொள்ள வேண்டும், பெரிய காய்களை வைத்துக்கொள்ள வேண்டும். கூடுதலாக இருப்பவர் நேர்மாறாக. வெறும் ராஜா-சிப்பாய் எண்ட்கேம்தான் எல்லா எண்ட்கேமிலும் இரக்கமில்லாதது. அங்கே ஒரு சிப்பாய் கூடுதல் என்றால் பெரும்பாலும் வெற்றி. எனவே கடைசிப் பெரிய காயை மாற்றுவதற்கு முன், யார் முறை, ராஜாக்கள் எதிரெதிரே நிற்கும்போது யார் ஒதுங்க வேண்டிவரும் என்பதைக் கடைசிவரை எண்ணாமல் கையைத் தூக்கக் கூடாது. பயத்தில் காய்களை மாற்றிக்கொண்டே போய்ப் பலமான எதிராளியிடம் டிரா எடுத்துவிடலாம் என்பது சின்னப் பிள்ளைகளிடம் நிறையப் பார்க்கும் நோய். ஒவ்வொரு மாற்றலிலும் கொஞ்சம் கொஞ்சமாக இழந்து, எண்ட்கேமில் மொத்தமாகத் தோற்பார்கள்.

சரி, பலகை முன்னால் உட்கார்ந்திருக்கும்போது என்ன செய்வது?

எதிராளி நகர்த்தியதும் உங்கள் திட்டத்துக்குப் போகாதீர்கள். நகர்ந்த காய் எங்கே வந்தது என்று எல்லாரும் பார்ப்பார்கள், அது எதை விட்டுவிட்டு வந்தது என்று பார்ப்பவர் குறைவு. முன்பு அது காத்துக்கொண்டிருந்த கட்டம் எது, அதன் பின்னால் திறந்த வரிசை எது? பரிசுகள் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். அதன்பின் எதிராளிக்கு இருக்கும் செக், வெட்டு, மிரட்டல், இதே வரிசையில். அப்புறம்தான் உங்கள் யோசனை, குறைந்தது இரண்டு நகர்த்தலாவது ஒப்பிட்டு. முடிவுசெய்த பின், கை போவதற்கு முன், அந்தக் காயை மனதில் புதுக் கட்டத்தில் வைத்து, எதிராளியின் எல்லா செக்கையும் எல்லா வெட்டையும், அபத்தமாகத் தெரிவதையும் சேர்த்து, ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பதுபோல, 15 அல்லது 20 வினாடி வேலை. டிங்கின் எஃப்2-ல் கருப்புக்கு முதல் வெட்டே யானை மாற்றல்தான். சிக்கல் அதற்கு அடுத்த நகர்த்தலில் இருந்தது. எனவே வெட்டோடு நிறுத்தாமல், வெட்டுகள் ஓய்ந்து பலகை அமைதியாகும் வரை போக வேண்டும்.

ரஷ்ய மாஸ்டர் புளூமன்ஃபெல்ட் பழைய காலத்தில் ஒரு வழி சொல்லியிருந்தார்: நகர்த்தலை முதலில் தாளில் எழுது, பிறகு பலகையைப் புதிதாகச் செஸ் கற்றவனின் கண்ணோடு ஒரு நிமிடம் பார், அப்புறம் ஆடு. எழுதும் செயல் யோசனையின் ஓட்டத்தை அறுத்துவிடும் என்பதுதான் அதன் சூட்சுமம். இப்போதைய ஃபிடே (உலகச் செஸ் கூட்டமைப்பு) விதிப்படி நகர்த்தலை முன்கூட்டி எழுதக் கூடாது, நடுவர் எச்சரிப்பார். மாற்றாக, எதிராளி ஆடிய நகர்த்தலை, நீங்கள் பதில் ஆடுவதற்கு முன்பே எழுதுவதை வழக்கமாக்கிக்கொள்ளலாம். பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிரும்போது பலகை கொஞ்சம் புதிதாகத் தெரியும்.

நேரம் இன்னொரு பாதி. 90 நிமிடம், நகர்த்தலுக்கு 30 வினாடி கூடுதல் என்ற கணக்கில் 40 நகர்த்தலுக்கு மொத்தம் 110 நிமிடம், சராசரி 2 நிமிடம் 45 வினாடி. சராசரியாகச் செலவழிப்பதுதான் தவறு. தெரிந்த ஓப்பனிங்கின் (ஆட்டத் தொடக்கத்தின்) முதல் 12 நகர்த்தலைப் பத்து நிமிடத்தில் முடித்து, ஆட்டத்தைத் தீர்மானிக்கும் மூன்று நான்கு நகர்த்தலுக்குப் பன்னிரண்டு நிமிடம்வரை கொடுத்து, மற்றதை ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் ஆடினால், 40வது நகர்த்தலில் கையில் பத்து நிமிடம்போல இருக்கும். தீர்மானிக்கும் நகர்த்தலை எப்படி அடையாளம் காண்பது? திரும்பப் பெற முடியாத எதுவும் அப்படித்தான்: சிப்பாய் தள்ளுவது (அது பின்னால் வராது), ராணிகளை மாற்றுவது, ராஜாவுக்கு முன்னிருக்கும் வேலியைத் திறப்பது, எண்ட்கேமுக்குள் இறங்குவது. எதிராளியின் நகர்த்தல் உங்களைத் தூக்கிவாரிப்போட்டால் அதுவும் சேர்த்தி. ஜெயித்துவிட்டோம் என்று தோன்றும் கணமும் கட்டாயம் சேர்த்தி. பிளண்டருக்கு அதைவிட நல்ல விளைநிலம் கிடையாது.

பலமானவரோடு ஆடும் பயத்துக்குக் கணக்கே நல்ல மருந்து. ரேட்டிங்கில் உங்களைவிட 200 புள்ளி அதிகம் உள்ளவரோடு ஆடினால் உங்களிடம் எதிர்பார்ப்பது 0.24 புள்ளி (வெற்றிக்கு 1, டிராவுக்கு அரை). ரேட்டிங் எவ்வளவு மாறும் என்பதைத் தீர்மானிக்கும் கே மதிப்பு 20 என்றால், தோற்றால் ரேட்டிங்கில் போவது 4.8, டிரா ஆனால் வருவது 5.2, ஜெயித்தால் 15.2. அவருக்கு எல்லாம் தலைகீழ்: ஜெயித்தால் 4.8, தோற்றால் 15.2 போச்சு. 18 வயதுக்குக் கீழ், 2300-க்குக் கீழ் இருப்பவர்களுக்குக் கே 40, எல்லாம் இரட்டிப்பு. பதற்றம் யாருக்கு இருக்க வேண்டும் என்று பெற்றோர்களே ஒருமுறை கூட்டிப் பார்க்கட்டும்.

தோல்விக்குப் பிறகு என்ன என்பதில் எனக்கு ஒரே கருத்துதான்: உடனே அடுத்த ஆட்டம் போடாதீர்கள். இணையத்தில் மூன்று நிமிட ஆட்டங்களில் ஒரு தோல்வியை மீட்க உட்கார்ந்தவர் ஐந்து தோல்வியோடு எழுந்திருப்பார். அதிர்ஷ்டம் இல்லாத விளையாட்டு இது. பழிபோட மழையும் இல்லை, டாஸும் இல்லை. இதன் கவர்ச்சியும் அதுதான், ரணமும் அதுதான். உடனே ஆடி அழித்துவிடத் தோன்றும். அதே சிங்கப்பூரில் டிங் 11வது ஆட்டத்தைப் பிளண்டரில் தோற்று, அடுத்த 12வது ஆட்டத்தில் குகேஷை அருமையாக ஜெயித்தார். குகேஷும் அந்த ஆண்டு டொராண்டோ கேண்டிடேட்ஸில் (உலக சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் தொடர்) 7வது சுற்றில் ஃபிரூஜாவிடம் தோற்ற பிறகுதான் தொடரையே வென்றார். மீண்டு வர முடியும், இடையில் தூக்கமும் உணவும் இருந்தால்.

பயிற்சியில் ஒன்று சொல்ல வேண்டும். புதிர்கள் தீர்ப்பது நல்லது, ஆனால் புதிர் என்றாலே இங்கே ஏதோ இருக்கிறது என்று சொல்லிவிடுகிறது. ஆட்டத்தில் அந்த மணியை யாரும் அடிப்பதில்லை. எனவே சாதாரண நிலைகளை எடுத்து, நகர வேண்டியவர் நீங்கள் என்றாலும், எதிராளியின் முறையாக இருந்தால் அவர் என்ன ஆடுவார் என்று மட்டும் எழுதிப் பழகுங்கள். உங்கள் தோல்விகளைக் கணினியில் போடும் முன் அரைமணி நேரம் நீங்களே ஆராயுங்கள். எந்தக் கட்டத்தில் என்ன நினைத்தேன் என்பதை எழுதிய பிறகு கணினியைத் திறக்கலாம். கணினி தவறைக் காட்டும், அந்தத் தவறை ஆடும்போது உங்களுக்கு என்ன ஆசை இருந்தது என்பதைக் காட்டாது. இருபது ஆட்டங்கள் சேர்ந்ததும் ஒரே வகை திரும்பத் திரும்ப வருவது தெரியும். சிலருக்கு அவசர மாற்றல், சிலருக்குப் பின்னோக்கிய குதிரை, சிலருக்கு ஜெயிக்கும் நிலையில் அசட்டை.

ஆட்டத்தாளில் கடிகார நேரத்தைக் குறிப்பதை விதி அனுமதிக்கிறது. ஐந்து நகர்த்தலுக்கு ஒருமுறை மிச்ச நேரத்தை ஓரத்தில் எழுதி வையுங்கள், முக்கியமான நகர்த்தலுக்கு முன்னும் பின்னும் தனியாக. வீட்டுக்கு வந்து பிளண்டர் வந்த இடத்தின் ஓரத்தைப் பாருங்கள். கையில் நாற்பது நிமிடம் இருந்தும் பதினைந்து வினாடியில் ஆடியிருந்தால், அடுத்த போட்டியில் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு யோசிக்க வேண்டியவர் நீங்கள். இரண்டு நிமிடம்தான் மிச்சம் இருந்தது என்றால் பிளண்டர் நடந்த நகர்த்தலை விட்டுவிட்டு மேலே போங்கள். 18வது நகர்த்தலிலோ 22-லோ ஏதோ ஒன்றுக்கு இருபத்தைந்து நிமிடம் போயிருக்கும், அதுவும் பெரும்பாலும் இரண்டு நகர்த்தலும் ஏறக்குறைய சமமாக இருந்த இடத்தில்.